முதுகுச் சுமையும் ராத்திரித் தூக்கமும்

வெளியூர் கிளம்பும்போது நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் ஒரு சொல் உண்டு: “எதுக்கும் இருக்கட்டும்.” கூடுதலாக ஒரு போர்வை, எதுக்கும் இருக்கட்டும். தைலம், கத்தரிக்கோல், ஒரு பொட்டலம் முறுக்கு, எதுக்கும் இருக்கட்டும். ரயிலில் போகும்போது இதில் ஒரு கெடுதலும் இல்லை. பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டால், அது எத்தனை கிலோ என்பது இறங்கும்வரை ஞாபகத்துக்கே வராது. மலையில் அப்படி முடியாது. வைத்த ஒவ்வொரு பொருளையும் நாள் முழுக்க நாமே முதுகில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

நான் முதன்முதலில் பெரிய பை மாட்டி நடந்தது உத்தராகண்டில் இருக்கும் நாக் டிப்பாவுக்கு. 3,022 மீட்டர் உயரம். பந்த்வாரி கிராமத்திலிருந்து ஏறினால் புதியவர்களும் இரண்டு நாளில் போய்வரக்கூடிய மலை. சென்னையிலிருந்து நாலு பேர், டென்டும் சமையலும் சொந்தமாக. என் பை மட்டும் 14 கிலோ 600 கிராம். ஏற ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் தோள் மரத்துவிட்டது. நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்வார்களே, அந்த இனத்து மரங்கள் வழியெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தன. அவற்றை நான் கீழே இறங்கும்போதுதான் பார்த்தேன். ஏறும்போது கண்ணில் பட்டதெல்லாம் முன்னால் நடந்தவருடைய ஷூவின் பின்பக்கம்தான்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, அடுத்த வருஷம் டிசம்பரில் உத்தராகண்டின் இன்னொரு மலையான கேதார்காந்தாவுக்குப் போனபோது பையை 7 கிலோவுக்குக் கீழே கொண்டுவந்தேன். அதற்காக நான் வெட்டிய பொருள்களில், தரையில் விரித்துப் படுக்கும் ‘மேட்’டும் ஒன்று. அதற்குப் பதிலாக வீட்டிலிருந்த மெல்லிய யோகா விரிப்பு. பகலில் அருமையாக நடந்தேன். ராத்திரி பனியின் மேல் போட்ட டென்டில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இடுப்பும் தோளும் தரையில் பட்ட இடமெல்லாம் குளிர் உள்ளே இறங்கியது. விடியற்காலையில் மற்றவர்கள் உச்சிக்குக் கிளம்பியபோது எனக்குக் கால் எடுத்து வைக்கத் தெம்பில்லை. நான் டென்டிலேயே இருந்துவிட்டேன்.

இந்த இரண்டு பயணங்களும் கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான், புதிதாகப் பை மாட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையில் நமக்கு வேண்டிய சுகம் இரண்டு வகை. நடக்கும்போது வேண்டிய சுகம் ஒன்று, படுக்கும்போது வேண்டிய சுகம் இன்னொன்று. முதலாவதுக்குப் பை லேசாக இருக்க வேண்டும். இரண்டாவதுக்குப் பையில் சில பொருள்கள் இருந்தே தீர வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். ஆனால் எல்லாப் பொருளும் ஒரே விகிதத்தில் குறைப்பதில்லை. 400 கிராம் மேட் ஒரு ராத்திரியையே காப்பாற்றும். 400 கிராம் ஜீன்ஸ் எதையும் காப்பாற்றாது. எந்தக் கிராம் உழைக்கிறது, எந்தக் கிராம் சும்மா சவாரி செய்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாமே.

அடிப்படை எடை என்றால் என்ன?

மலை நடையாளர்கள் பேசும்போது ‘பேஸ் வெயிட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். நாம் அடிப்படை எடை என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் புரிந்துகொள்ள சபரிமலை இருமுடியைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. முன்முடியில் நெய்த்தேங்காய், பூஜைப் பொருள்கள். அது வீட்டில் கட்டியபடியே சன்னிதிவரை போய்ச் சேர வேண்டும். பின்முடி, போகிறவருடைய வழிச் சாப்பாட்டுக்கு. நடக்க நடக்க அது காலியாகிக்கொண்டே வரும். மலைப் பையிலும் இதே இரண்டு பங்குதான். சாப்பாடு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் மூன்றும் பின்முடி. நாளுக்கு நாள் குறையும். டென்ட், படுக்கை, துணி, பை, டார்ச் எல்லாம் முன்முடி. முதல் நாள் எவ்வளவோ கடைசி நாளும் அவ்வளவே. இந்தக் குறையாத பங்குதான் அடிப்படை எடை.

பையின் மொத்த எடை 11 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ, இரண்டு நாள் சாப்பாடும் எரிபொருளும் சேர்த்து ஒன்றரைக் கிலோ. மீதி ஏழரைக் கிலோ உங்கள் அடிப்படை எடை. இதைத் தனியாகப் பிரிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சாப்பாட்டையும் தண்ணீரையும் ஓரளவுக்கு மேல் குறைக்கக் கூடாது, குறைத்தால் ஆபத்து. ஆகவே கைவைக்க வேண்டியது அடிப்படை எடையில்தான். அமெரிக்க நடையாளர்கள் இது 20 பவுண்டுக்குக் கீழே, அதாவது சுமார் 9 கிலோவுக்குள் இருந்தால் ‘லைட்வெயிட்’ என்றும், 10 பவுண்டுக்குக் கீழே, அதாவது நாலரைக் கிலோவுக்குள் இருந்தால் ‘அல்ட்ராலைட்’ என்றும் சொல்வார்கள். புதியவர்கள் நாலரைக் கிலோவைக் குறிவைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த அளவுக்கு இறங்குகிறவர்கள் வானிலையைப் படிக்கவும், கூரைத்துணியை நாலு விதமாகக் கட்டவும், நனைந்தால் சமாளிக்கவும் வருஷக்கணக்கில் பழகியவர்கள். பொருளைக் குறைத்த இடத்தில் அவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்திருக்கிறார்கள். நமக்கு 7 முதல் 9 கிலோ நல்ல இலக்கு. மொத்தப் பை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோ.

குறைவான பொருளோடு நடப்பது என்றதும் எனக்கு எம்மா கேட்வுட் ஞாபகம் வந்துவிடுகிறார். 1955-ல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையை ஒரே மூச்சில் முழுக்க நடந்து முடித்த பாட்டி அவர். 3,000 கிலோமீட்டருக்கும் மேல். காலில் கேன்வாஸ் ஷூ. தோளில் கையால் தைத்த ஒரு துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரை. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரு துணிப்பையோடு கிளம்பிவிடத் தோன்றும். ஆனால் அவர் பல ராத்திரிகள் வழியில் இருந்த வீடுகளின் கதவைத் தட்டி இடம் கேட்டுத் தங்கியவர். பண்ணையில் உழைத்து உரமேறிய உடம்பு அவருக்கு. நம்மூர் பாதயாத்திரைக்காரர்களும் ஒரு துண்டு, ஒரு போர்வையோடு பழனிக்குப் போய்விடுகிறார்கள் என்றால், வழியெல்லாம் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் தங்க மண்டபமும் இருப்பதால்தான். போகிற வழி நமக்கு என்ன தரும், என்ன தராது என்பதைப் பொறுத்துத்தான் சுமை. ஆள் இல்லாத மலையில் அந்த மண்டபத்தையும் நாமே தூக்க வேண்டியிருக்கிறது.

முதலில் தராசு

எதையும் வாங்குவதற்கு முன்னால் இருப்பதை எடை போடுங்கள். சமையலறைத் தராசு போதும். வீட்டில் இல்லை என்றால் பக்கத்து மளிகைக் கடைக்காரரைக் கேட்கலாம். முழுப் பையையும் நிறுக்க நான் எங்கள் தெருப் பழைய பேப்பர் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

நாக் டிப்பாவிலிருந்து திரும்பிய வாரம், நங்கநல்லூர் வீட்டு ஹாலில் பாயை விரித்து, பையில் இருந்த எல்லாவற்றையும் அதன்மேல் பரப்பி ஒவ்வொன்றாக நிறுத்தேன். குளியல் டவல் 430 கிராம். சூடு தாங்கும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், காலியாகவே 460 கிராம். ஜீன்ஸ் 620. மூன்று டி-ஷர்ட் அதிகப்படி, 540. சோப்பு டப்பா, பற்பசை முழு டியூப், ஷாம்பு பாட்டில், பவுடர் எல்லாம் சேர்ந்து 610. பெரிய பவர் பேங்க் 420. பக்கங்கள் காலியாகவே திரும்பி வந்த ஒரு நோட்டு 300. இவை மட்டுமே மூன்று கிலோவைத் தாண்டிவிட்டன. கையில் எடுத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட கனமாகத் தோன்றாது. அதனால்தான் தராசு வேண்டும் என்கிறேன்.

பிறகு மாற்றங்கள். டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. பாட்டி வீட்டில் கொடியில் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்த அதே துண்டுதான். 110 கிராம். தலை துவட்டலாம், வெயிலுக்குத் தலையில் கட்டலாம், சூடான பாத்திரத்தைப் பிடித்து இறக்கலாம், பிழிந்து பையின் மேல் போட்டுக்கொண்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மலைக்கென்று தனியாக விற்கும் டவல்களும் நல்லவைதான், ஆனால் எனக்கு இதற்கு மேல் ஒன்று தேவைப்படவில்லை. எவர்சில்வர் பாட்டிலுக்குப் பதில் சாதாரண ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு, ஒவ்வொன்றும் 30 கிராம் சுமார். பற்பசையும் சோப்பும் நாலு நாளுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. இதற்கெல்லாம் சல்லிக்காசு செலவில்லை. முதல் மூன்று கிலோ எப்போதும் இலவசமாகவே குறையும். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

படுக்கை

கடையில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் மூன்று: பை, டென்ட், படுக்கை. அடிப்படை எடையில் பாதிக்கு மேல் இந்த மூன்றில்தான் இருக்கும். நிறுவனங்கள் நடத்தும் இமயமலை ட்ரெக்குகளில் பெரும்பாலும் டென்ட், ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை), மேட் மூன்றையும் அவர்களே தந்துவிடுவார்கள். அப்படியானால் உங்கள் பை 7, 8 கிலோவைத் தாண்ட எந்த நியாயமும் இல்லை.

சென்னையில் வளர்ந்த நமக்குக் குளிரைப் பற்றிய உள்ளுணர்வு கிடையாது. ஜனவரி ராத்திரியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மின்விசிறியைக் குறைத்துவிட்டுப் போர்வை தேடுகிறவர்கள் நாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். 3,000 மீட்டரில், உயரத்தால் மட்டுமே ஏறக்குறைய 20 டிகிரி போய்விடுகிறது. வடக்கின் குளிர்காலமும் காற்றும் அதற்கு மேல். இந்தக் குளிருக்கு நாம் யோசிக்கிற ஒரே வைத்தியம் மேலே கனமாகப் போர்த்திக்கொள்வது. கேதார்காந்தாவில் நான் செய்ததும் அதைத்தான். தரை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

ஸ்லீப்பிங் பேக் எப்படிச் சூட்டைக் காக்கிறது என்றால், அதற்குள் இருக்கும் இறகோ பஞ்சோ உப்பி நின்று காற்றைச் சிறைப்பிடித்து வைக்கிறது. உடம்பின் சூடு அந்தக் காற்றைத் தாண்டி வெளியே போக முடிவதில்லை. ஆனால் நாம் மேலே படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும். அங்கே காற்று இல்லை. பனித்தரை நேரடியாக உடம்பின் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். அந்த இடத்தில் வேலை செய்வது மேட் மட்டும்தான். எத்தனை ஆயிரம் கொடுத்து ஸ்லீப்பிங் பேக் வாங்கினாலும் மேட் சரியில்லை என்றால் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருக்க வேண்டியதுதான்.

மேட் எவ்வளவு குளிர் தாங்கும் என்பதை ‘ஆர்-வேல்யூ’ என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூடத் தரைக்குளிர் குறைவாக ஏறும். மடித்து எடுத்துப்போகும் சாதாரண ஃபோம் மேட் 2 அளவில் இருக்கும், எடை 400 கிராமை ஒட்டி. நம் தென்னக மலைகளுக்கு அது தாராளம். பனியில் படுக்க 4, 5 வேண்டும். இதில் ஒரு நல்ல விஷயம், இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் எண்களும் கூடிவிடும். ஆகவே விலை கூடிய, காற்றடிக்கும் மேட் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. காற்றடிக்கும் மேட் மெத்தைபோல் சுகமாக இருக்கும், சுருட்டினால் ஒரு பாட்டில் அளவுதான் வரும். ஆனால் ஒரு முள் குத்தினால் அன்றைக்கு ராத்திரி அது வெறும் பிளாஸ்டிக் தாள். ஃபோம் மேட்டுக்கு அந்தப் பயமில்லை. மத்தியானம் எங்கே வேண்டுமானாலும் விரித்து உட்காரலாம். முதல் மேட் ஃபோமாகவே இருக்கட்டும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன் மேல் பெரிதாக எழுதியிருக்கும் டிகிரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். சர்வதேசத் தர முறைப்படி சோதித்த பைகளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என்று இரண்டு அளவு இருக்கும். கம்ஃபர்ட் என்பது சாதாரணமாகக் கைகால் நீட்டித் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது சுருண்டு படுத்து ஒப்பேற்றக்கூடிய எல்லை. கம்ஃபர்ட் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். அதுவும் சென்னை உடம்புக்கு நான் இன்னும் நாலைந்து டிகிரி கூட்டியே வைத்துக்கொள்கிறேன். இறகுப் பை லேசு, சுருங்கும், விலை அதிகம், நனைந்தால் உப்புவதை நிறுத்திவிடும். செயற்கைப் பஞ்சுப் பை கனம், ஆனால் ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும்.

எடையே இல்லாத சுகங்களும் சில உண்டு. படுப்பதற்கு முன், சூட்டுக்கு நெளியாத கெட்டியான பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக்கி மூடி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால்பக்கம் வைத்துவிடுங்கள். அது சில மணி நேரம் இதம் தரும், காலையில் குடிக்கத் தண்ணீரும் ஆயிற்று. வயிறு காலியாகப் படுக்காதீர்கள், செரிக்கும் சாப்பாடு உள்ளிருந்து சூடு தரும். மாற்றுத் துணியைப் பைக்குள் திணித்து, துண்டைச் சுற்றினால் தலையணை. இரண்டு கிராம் காதடைப்பான், பக்கத்து டென்ட் குறட்டையிலிருந்து காப்பாற்றும்.

இந்த வரிசையில் நான் உயர்வாக நினைப்பது ஒன்று உண்டு. ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே ஒரு மெல்லிய உறை போட்டுக்கொள்வார்கள், லைனர் என்று பெயர். அம்மாவின் பழைய மெல்லிய பட்டுப் புடவை ஒன்று, மடிப்புகளில் இற்றுப்போய்க் கட்ட முடியாமல் பீரோவில் கிடந்தது. அதை எடுத்துக்கொள்ளச் சொன்னது அம்மாதான். ஜரிகைக் கரையையும் முந்தானையையும் வெட்டி எடுத்துவிட்டு, இற்றுப்போகாத பகுதியை இரண்டாக மடித்து, தெருமுனை டெய்லரிடம் கொடுத்து இரண்டு பக்கம் தைத்து வாங்கினேன். நீள வாக்கில் ஒரு சாக்கு மாதிரி. 280 கிராம். குளிரை ஓரளவு குறைக்கிறது, ஸ்லீப்பிங் பேக் வியர்வை படாமல் சுத்தமாக இருக்கிறது, வாடகைக்கு எடுத்த பையானால் மனதுக்கும் நிம்மதி. எல்லாவற்றுக்கும் மேல், 3,000 மீட்டரில் டென்ட் துணி படபடக்கும் சத்தத்துக்கு நடுவே கன்னத்தில் படுவது அம்மாவின் புடவை. அந்த 280 கிராமை நான் எந்தக் காலத்திலும் குறைக்கப் போவதில்லை.

பை, துணி, சாப்பாடு

பை விஷயத்தில் அதன் எடையைவிட முக்கியம் அது உங்கள் முதுகு நீளத்துக்குப் பொருந்துவது. தலை குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள தூரம்தான் முதுகு நீளம். உயரமானவர்களுக்கும் அது குட்டையாக இருக்கலாம். மாட்டும்போது எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்குங்கள். அப்புறம் தோள்பட்டை, கடைசியாக நெஞ்சுப் பட்டை. சரியாக மாட்டினால் பெரும்பகுதி எடையை இடுப்பும் காலும் ஏற்றுக்கொள்ளும், தோளில் கொஞ்சம்தான் விழும். நாக் டிப்பாவில் என் தோள் மரத்ததற்குப் பாதிக் காரணம், இடுப்புப் பட்டையை நான் பெயருக்கு மாட்டியிருந்ததுதான். கனமான பொருள்கள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். 8 கிலோ உள்ளே போட்டுக் கால் மணி நேரம் அங்கேயே நடந்து பாருங்கள். பொருந்துகிற 1.8 கிலோ பை, பொருந்தாத 900 கிராம் பையைவிட லேசாக இருக்கும்.

துணியில் நாம் செய்யும் தப்புக்குச் சென்னை வெயில்தான் காரணம். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு தடவை சட்டை மாற்றிப் பழகியவர்கள், நாலு நாளுக்கு எட்டுச் சட்டை என்று கணக்குப் போடுகிறோம். மலைக் குளிரில் அவ்வளவு வியர்க்காது. நடக்க ஒரு ஜோடி, படுக்க ஒரு ஜோடி, அவ்வளவுதான். நடக்கும் துணி நனைந்தாலும் அழுக்கானாலும் மறுநாள் அதுவே. படுக்கும் துணியை மட்டும் என்ன ஆனாலும் காயவைத்துக் காப்பாற்றுங்கள். சாக்ஸ் மட்டும் மூன்று ஜோடி. பருத்தி உடம்பில் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஏறி நின்றதும் அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். ஆகவே நடக்கப் பாலியெஸ்டர் அல்லது கம்பளி. ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்: உள்ளே ஒன்று, நடுவில் சூட்டுக்கு ஒன்று, வெளியே காற்றும் மழையும் புகாத ஒன்று. ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போடலாம். குரங்குக் குல்லா மட்டும் இருக்கட்டும். எடைக்கு ஏற்ற பலன் தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஷூவில் கனம் கூடாது. காலில் ஏறும் நூறு கிராம், முதுகில் ஏறும் நூறு கிராமைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும், ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வைக்கிறோம் அல்லவா.

சாப்பாட்டைத் தண்ணீர்ச் சத்து இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். 100 கிராம் ஆப்பிளில் சுமார் 50 கலோரிதான், மீதியெல்லாம் தண்ணீர். அதே 100 கிராம் நிலக்கடலையில் 550-க்கு மேல். கடலைமிட்டாயைப் போன்ற மலை உணவை யாரும் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை, கோவில்பட்டிக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். அவல், சத்துமாவு, பருப்புப்பொடி, நல்லெண்ணெய் மிதக்கும் புளிக்காய்ச்சல் எல்லாம் கெடாது, கனமில்லை, வயிற்றுக்கும் பழகியது. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 600 முதல் 800 கிராம் உலர்ந்த உணவு போதும். அடுப்புக்கான காஸ் குப்பியை ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகக் கூடாது. டேராடூன், மணாலி மாதிரி ஊர்களில் வாங்கிக்கொள்ளலாம். தண்ணீரைப் பற்றி ஒன்றே ஒன்று: அடுத்த ஊற்று எங்கே என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், ஒரு லிட்டரோடு நடக்க வேண்டிய இடத்தில் மூன்று லிட்டர் சுமக்க வேண்டாம். சுத்திகரிப்பு மாத்திரை கையில் இருக்கட்டும்.

நாலு பேர் போனால் டென்ட், அடுப்பு, பாத்திரம், முதலுதவிப் பெட்டி எல்லாம் பொது. கிளம்புவதற்கு முன்பே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். எங்களில் யாரும் பேசாததால் நாக் டிப்பாவில் நாலு பற்பசை, நாலு கத்தி, மூன்று தைலம் இருந்தன.

எதை விடக் கூடாது

‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று வைப்பவற்றில் பெரும்பாலானவை பயத்தால் வருகிறவை. பசிக்குப் பயந்தவர் பையில் பிஸ்கட் நிறையும். குளிருக்குப் பயந்தவர் நாலு ஸ்வெட்டர் வைப்பார். எனக்கு போன் சார்ஜ் போய்விடுமோ என்று பயம், அதனால்தான் 420 கிராம் பவர் பேங்க். எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தில் எவ்வளவு போதும் என்று நிதானமாகக் கணக்குப் போடலாம். போனை ஏரோபிளேன் மோடில் வைத்துப் பழகிய பிறகு 200 கிராம் பவர் பேங்கிலேயே எனக்கு நாலு நாள் ஓடுகிறது.

ஆனால் நியாயமான பயங்களும் உண்டு. மழை ஜாக்கெட், தலையில் மாட்டும் டார்ச், முதலுதவி, விசில், ஒரு வேளைக்கான கூடுதல் உணவு, காய்ந்த துணியும் ஸ்லீப்பிங் பேக்கும் நனையாமல் பைக்குள் போடும் தடித்த பிளாஸ்டிக் உறை. பத்துப் பயணத்தில் ஒன்பது தடவை இவற்றில் சில வெளியே வராமலே இருக்கலாம். எடையைக் குறைக்கும் ஆர்வத்தில் இவற்றைத் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதையும் இதோடு சேர்த்தே சொல்கிறேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலை ஏறப் போனவர்கள் இறந்தது நமக்குத் தெரியும். 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கிய வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் முன்பதிவு செய்ய முடிகிறது, வழிகாட்டியும் கூட வருகிறார். பழகுவதற்கு அவை நல்ல இடம்.

அப்புறம், ஒரே ஒரு ஆசைப் பொருளுக்கு எல்லோருக்கும் அனுமதி. எங்கள் குழுவில் ஒருவர் 180 கிராம் எவர்சில்வர் காபி ஃபில்டர் கொண்டுவருவார். பனியில் டிகாஷன் இறங்க நேரமாகும். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார். பால் பவுடர் கரைத்து அவர் ஊற்றித் தரும் அரை டம்ளருக்காக அந்த ஃபில்டரை நாங்கள் முறை வைத்துத் தூக்கியிருக்கிறோம்.

வீட்டிலேயே ஒத்திகை

சமவெளிக்காரர்கள் என்பதால் நமக்குப் பழக இடமில்லை என்று நினைக்க வேண்டாம். பையில் முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்டு காலை ஆறு மணிக்குப் பரங்கிமலைப் படிகளை நாலைந்து முறை ஏறி இறங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போகலாம், 500-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஒரு மணி நேரம் நடந்தால் பட்டை எங்கே உரசுகிறது, எந்தப் பொருள் முதுகில் குத்துகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் அந்த மேட்டை விரித்துப் படுத்துப் பாருங்கள். சிமென்ட் தரையில் இடுப்பு வலிக்கிறது என்றால் மலையிலும் வலிக்கும். மாற்றிக்கொள்ள அப்போது நேரம் இருக்கும்.

பயணம் முடிந்து வந்ததும், துணியை மெஷினில் போடுவதற்கு முன்னால், பாயை விரித்து எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். தினமும் எடுத்தது, ஒரு தடவை எடுத்தது, எடுக்கவே எடுக்காதது. மூன்றாவது குவியலிலிருந்து மழை ஜாக்கெட்டையும் முதலுதவியையும் அவற்றைப் போன்ற மற்றவற்றையும் முதலாவதுக்கு மாற்றிவிடுங்கள். மீதியை நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதிப் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை பை கட்ட உட்காரும்போது முதலில் கைக்கு வருவது அந்தத் தாளாக இருக்கட்டும்.